முதற்பாகம் கேட்ட கேள்வி

சிறுவர்களுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதற்கு முதலில் நியாயம் கூறவேண்டியிருக்கிறது. எமது விமர்சனச் சூழலின் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. போர் என்றால் என்ன, பகைவன் யார், பழிவாங்கல் எங்கே முடிகிறது என்ற கேள்விகளை இன்றைய பிள்ளைகள் முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் புத்தகத்தில் அல்ல, திரையில்தான். அங்கே அவர்களுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று பார்ப்பது வேலையற்ற வேலையல்ல.

'அவதார்: த லாஸ்ட் எயார்பெண்டர்' அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் 2005 பெப்ரவரியில் தொடங்கி 2008 ஜூலையில் நிறைவுபெற்றது. மைக்கல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெற்ஸ்கோ ஆகிய இருவரும் இதன் படைப்பாளிகள். சித்திரங்களுக்கு உயிரூட்டும் பணி தென்கொரியக் கலையகங்களில் நடைபெற்றது. நீர், மண், நெருப்பு என மூன்று பாகங்கள். முறையே 20, 20, 21 என மொத்தம் 61 அங்கங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான்கு பூதங்களின் பெயரால் நான்கு சமூகங்கள். ஒவ்வொன்றிலும் சிலருக்குத் தமது பூதத்தை ஆளும் வித்தை வாய்த்திருக்கிறது. நான்கையும் ஆளக்கூடியவர் ஒருவரே, அவரே அவதார். நெருப்பு தேசம் மற்றவர்கள் மீது போர் தொடுத்து நூறாண்டுகள் கழிந்துவிட்டன. காற்று நாடோடிகள் முற்றாக அழிக்கப்பட்டுவிட்டனர். அவர்களில் எஞ்சிய ஒரே சிறுவனான ஆங், பனிக்கட்டிக்குள் நூறாண்டுகள் உறைந்து கிடந்து விழித்தெழுகிறான். அவனே அவதார். நீர்க் கோத்திரத்தின் கட்டாரா, அவளது அண்ணன் சொக்கா ஆகியோருடன் அவன் புறப்படுகிறான். தந்தையால் முகம் எரிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்ட நெருப்பு தேசத்து இளவரசன் சூக்கோ அவர்களைத் துரத்துகிறான்.

மறுபிறப்பு பற்றிய இக்கதையின் நம்பிக்கை எமது நம்பிக்கையன்று. அதை இங்கு விவாதிக்கத் தேவையில்லை. ஒரு படைப்பின் கற்பனை உலகை அதன் விதிகளுடனேயே ஏற்றுக்கொண்டு, அவ்வுலகில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே எமது நோக்கம்.

இத்தொடரைப் பற்றி நிலைபெற்றுவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. முதற்பாகம் சிறுபிள்ளைத்தனமானது, அதைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிட்டால் பின்னிரண்டு பாகங்களில் உண்மையான படைப்பு காத்திருக்கிறது என்பதே அது. இதில் பாதி உண்மை. கலைநுட்பத்தில் பின்னைய பாகங்கள் உயர்ந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் ஒழுக்க நேர்மையில் முதற்பாகத்தை அவை எல்லா இடத்திலும் தாண்டவில்லை. சில முக்கியமான இடங்களில் பின்வாங்கியும் இருக்கின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதற்பாகத்தின் குறைகளை முதலில் ஏற்றுக்கொள்வோம். நகைச்சுவை பல இடங்களில் மலினமானது. சித்திரங்களின் அசைவில் விறைப்பு உண்டு. வில்லனாக வரும் தளபதி ஸாவோ ஆணவத்துக்கு அப்பால் எதுவுமில்லாத தட்டையான பாத்திரம். ஓர் ஊர், ஒரு சிக்கல், ஒரு தீர்வு, மறுபடி பயணம் என்ற வாய்பாடு அலுப்பூட்டுவதும் உண்மை.

ஆனால் அந்த வாய்பாட்டினால்தான் நாம் ஊர்களைப் பார்க்கிறோம். ஆறாவது அங்கத்தில் நெருப்புப் படையினர் வரி பறிக்கும் ஒரு சுரங்கக் கிராமம் வருகிறது. மண்ணை ஆளும் வித்தை அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. சுரங்கம் இடிந்து அதில் அகப்பட்ட முதியவர் ஒருவரை, ஹாரு என்ற இளைஞன் தடையை மீறித் தன் வித்தையால் காப்பாற்றுகிறான். அந்த முதியவரே அவனைப் படையினருக்குக் காட்டிக்கொடுக்கிறார். ஏன் என்பதற்குக் கதை விளக்கம் தருவதில்லை. அச்சம் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கமும் தேவையில்லை. போரின் நடுவே வாழ்ந்தவர்களுக்கு அந்த முதியவரைத் தெரியும்.

பத்தாவது அங்கத்தில் வரும் ஜெற் இன்னும் முக்கியமானவன். பெற்றோரை இழந்தவன், காட்டில் சிறுவர்களைத் திரட்டி நெருப்புப் படைக்கெதிராகப் போராடுபவன். கவர்ச்சியானவன், வீரன். கட்டாரா அவனை நம்புகிறாள். ஆனால் அவனது திட்டம், அணையை உடைத்து நெருப்புப் படை தங்கியிருக்கும் ஊரையே நீரில் மூழ்கடிப்பது. அவ்வூரில் அவனது சொந்த மக்களும் இருக்கிறார்கள். விடுதலைக்கு அது விலை என்கிறான். முன்னர் அவனது குழு வழிமறித்து அடித்த நெருப்பு தேசத்து முதியவர் ஒருவரே, ஊரை எச்சரிக்க ஓடிய சொக்காவை நம்பும்படி ஊராரிடம் சொல்கிறார். நியாயமான காரணம் கொண்டவன் அநியாயம் செய்ய முடியும் என்பதை இருபத்து மூன்று நிமிடங்களில் ஒரு சிறுவர் தொடர் சொல்லிவிடுகிறது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்பவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் கலை முதிர்கிறது. ஸாவோவின் இடத்தை சூக்கோவின் தங்கை அசூலா எடுத்துக்கொள்கிறாள். அவள் கத்துவதில்லை, கணக்கிடுகிறாள். பார்வையற்ற சிறுமி டொஃப் பாதங்களால் நிலத்தின் அதிர்வை உணர்ந்து 'பார்க்கிறாள்'. ஆரம்பத் திட்டத்தில் இப்பாத்திரம் உடல் பருத்த ஓர் ஆணாக இருந்தது என்பதை எண்ணும்போது, படைப்பாளிகள் தமது முதல் எண்ணத்தையே திருத்தத் தயங்காதவர்கள் என்பது புலனாகிறது.

இப்பாகத்தின் ஏழாவது அங்கம் முழுவதும் சூக்கோ மட்டுமே. தன் பெயரை மறைத்து மண் இராச்சியத்தின் வறிய கிராமமொன்றில் தங்குகிறான். ஊரைச் சுரண்டும் சொந்த நாட்டுப் படைவீரர்களிடமிருந்து ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றுவதற்கு நெருப்பைப் பயன்படுத்த வேண்டியதாகிறது, பெயரையும் சொல்கிறான். அதுவரை அவனை விரும்பிய சிறுவனே அவனை வெறுத்து ஒதுக்குகிறான். ஒருவன் நல்லவனாகிவிட்டதால் அவனது சமூகம் செய்த கொடுமை மறந்துபோவதில்லை. இதைவிடச் செறிவான ஓர் அங்கம் தொடரில் இல்லை என்பேன். ஆனால் இதன் வேர் முதற்பாகத்தின் பன்னிரண்டாவது அங்கத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த படைவீரர்களைப் பலியிடும் திட்டத்தை எதிர்த்துப் பேசியதால் பதின்மூன்று வயதில் சூக்கோ தந்தையுடன் மோத நிறுத்தப்பட்டதும், மோத மறுத்து மண்டியிட்டவனின் முகம் எரிக்கப்பட்டதும் அங்கேதான் சொல்லப்படுகின்றன.

பின்னர் பா சிங் சே நகரம் வருகிறது. மதில்களுக்கு வெளியே போர். மதில்களுக்கு உள்ளே போர் என்ற சொல்லே தடைசெய்யப்பட்டிருக்கிறது. அகதிகள் கீழ்வட்டத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அரசனுக்கே உண்மை தெரியாது. இங்கு ஜெற் மீண்டும் வருகிறான், திருந்திவாழ விரும்பும் அகதியாக. தேநீர்க் கடையில் வேலைசெய்யும் இருவர் நெருப்பு தேசத்தவர் என்று அவன் சரியாகவே கண்டுபிடிக்கிறான். யாரும் நம்புவதில்லை. பிடித்துக்கொண்டுபோய் மூளைச்சலவை செய்கிறார்கள். உண்மையைச் சொன்னவன் பைத்தியக்காரனாக்கப்படும் இப்பகுதி, முதற்பாகத்தின் ஜெற்றை அறிந்தவர்களுக்கே முழுமையாகக் கனக்கும்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி. அந்தத் தேநீர்க் கடையில் இருப்பவர் சூக்கோவின் மாமா ஐரோ. தொடரின் மிக அன்பான பாத்திரம். ஜப்பானில் பிறந்த நடிகர் மாக்கோ அவருக்குக் குரல் கொடுத்தார். 2006 ஜூலையில் அவர் காலமானார். ஐரோ ஒரு மரத்தடியில் தன் இறந்த மகனை நினைத்துப் பாடி அழும் காட்சி அவருக்குச் சமர்ப்பணமாக்கப்பட்டது. பார்த்தவர் கண்கலங்காமல் இருக்க முடியாது. நானும் கலங்கினேன். ஆயினும் இதே ஐரோதான் பா சிங் சேயை 600 நாட்கள் முற்றுகையிட்ட தளபதி. மகன் இறந்தது அந்த முற்றுகையில். அந்நகரத்தில் இறந்த மற்றவர்களின் மகன்கள் எங்கே? அவர்களுக்காகவும் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் காட்சி குறைந்திராது. தொடரின் முடிவில் அந்நகரிலேயே தேநீர்க் கடை நடத்தி நிம்மதியாக வாழ்கிறார். நகரை அவர் பின்னர் மீட்டதும் உண்மைதான். ஆனால் நகரத்து மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதற்பாகத்தில் ஊரார் பேசினார்கள். பின்னைய பாகங்களில் ஊரார் பின்னணிச் சித்திரமாகிறார்கள். பேசுபவர்கள் அரச குடும்பத்தினர்.

மூன்றாம் பாகம் சீரற்றது. அதன் உச்சங்கள் மிக உயரமானவை. முதற்பாகத்தில் ஆங் அவசரப்பட்டு நெருப்பைக் கையாண்டு கட்டாராவின் கைகளைச் சுட்டுவிடுகிறான். நெருப்பு அழிவு மட்டுமே என்று அஞ்சி ஒதுங்குகிறான். மூன்றாம் பாகத்தில் கடைசி இரு டிராகன்களிடம் சென்று, நெருப்பு உயிரின் வெம்மையும்தான் என்று கற்கிறான். முன்னர் விதைத்தது இங்கு முறையாக விளைகிறது. ஜெற்றின் கேள்வியும் ஹாமா என்ற மூதாட்டியின் வடிவில் திரும்பிவருகிறது. சிறையில் வதைபட்ட நீர்க் கோத்திரத்துப் பெண் அவள். மனித உடலிலுள்ள நீரையே ஆளும் கொடிய வித்தையைக் கண்டுபிடித்துத் தப்பியவள். இப்போது அப்பாவிக் கிராமத்தவர்களைப் பழிவாங்குகிறாள். அவளைத் தடுப்பதற்குக் கட்டாரா அதே வித்தையையே கையாள வேண்டியிருக்கிறது. இது முதற்பாகத்தைவிட ஆழமானது.

பதினாறாவது அங்கம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தாயைக் கொன்றவனைக் கட்டாரா தேடிக் கண்டுபிடிக்கிறாள். மன்னித்துவிடு என்கிறான் ஆங். அவள் அவனைக் கொல்லவில்லை. மன்னிக்கவுமில்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் உரிமை. பக்கத்தில் நிற்பவர் அதை வழங்கவோ வற்புறுத்தவோ முடியாது. கொலைக்குப் பரிகாரம் கோருவதும் விட்டுக்கொடுப்பதும் கொல்லப்பட்டவரின் உறவினரது கையில் என்பதைச் சட்டமாகவே அறிந்த எமக்கு இக்காட்சி அந்நியமானதல்ல. அங்கத்தின் முடிவில் சூக்கோ ஆங்கைக் கேட்கிறான்: என் தந்தையை எதிர்கொள்ளும்போது நீ என்ன செய்யப்போகிறாய்?

தொடர் முழுவதும் இக்கேள்வியை நோக்கியே வந்திருக்கிறது. கொல்லக்கூடாது என்பது அழிக்கப்பட்ட தன் மக்களிடமிருந்து ஆங் பெற்ற ஒரே சொத்து. கொல்லாவிட்டால் உலகம் எரியும். முன்னைய அவதார்கள் நால்வரிடம் ஆலோசனை கேட்கிறான். காற்று நாடோடியாகவே பிறந்த யாங்சென்கூட, உலகுக்காக உன் ஆன்மாவின் தூய்மையைத் துறக்க வேண்டும் என்றே சொல்கிறாள். அருமையான இக்கட்டு. ஆனால் அவன் நின்றுகொண்டிருப்பது ஒரு பிரமாண்டமான சிங்க ஆமையின் முதுகில். அது விரல் நகத்தால் அவனைத் தொடுகிறது. பகைவனின் வித்தையையே பறித்துவிடும் ஆற்றல் அவனுக்குக் கிடைக்கிறது. கொல்லவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம். இரண்டாம் பாகத்து நூலகக் காட்சியில் சிங்க ஆமையின் படம் இருந்ததென்று ரசிகர்கள் வாதிடுகிறார்கள். படம் இருந்தது, கேள்விக்கான பதில் இருக்கவில்லை. 2013இல் 'கோரா' தொடரில் சிங்க ஆமைகளின் வரலாறு சொல்லப்பட்டதும் இக்குறையை நீக்கவில்லை.

முதற்பாகத்தின் மிக மோசமான அங்கம் எனப் பலரும் குறிப்பிடுவது பதினோராவதை. நூறாண்டுப் பகை கொண்ட இரு குலங்களை, பகையின் மூலத்தைப் பற்றி ஒரு பொய்க் கதை சொல்லி ஆங் சமாதானப்படுத்துகிறான். மலிவான தீர்வு என்பது சரியான விமர்சனமே. தொடரும் அதை ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் பாகத்தில் ஆங்கும் நண்பர்களும் தமது கதையையே நாடகமாகப் பார்க்கும் அங்கத்தில், அந்தப் பள்ளத்தாக்கு வந்ததும் நாடகப் பாத்திரங்கள் நிற்காமல் பறந்துவிடுகின்றன. சிரிக்கலாம். ஆனால் அடுத்த நான்கு அங்கங்களில் அதே தவறு பெருஞ்செலவில் மீண்டும் நிகழ்கிறது. அங்கே பொய்க் கதை, இங்கே சிங்க ஆமை. இரண்டும் இக்கட்டை அவிழ்க்காமல் வெட்டிவிடுகின்றன. அதே நாடகம் ஜெற் செத்தானா இல்லையா என்று கேலிசெய்யவும் தவறவில்லை. முதற்பாகத்தின் மிகக் கூர்மையான கேள்வி இப்படி ஒரு நகைச்சுவையாக முடிந்தது எனக்கு உவப்பானதல்ல.

இன்னொன்று. முதற்பாகத்தின் இறுதியில் ஆங் சமுத்திர ஆவியுடன் ஒன்றாகி நெருப்புக் கப்பற்படையைச் சிதறடிக்கிறான். அக்கப்பல்களில் மனிதர்கள் இருந்தார்கள். மூன்றாம் பாகத்தில் ஓர் உயிரைக் கொல்வதா என்று தவிக்கும் சிறுவனுக்கு அந்த இரவு ஒருமுறைகூட நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வந்திருந்தால் அவனது தவிப்பு கொள்கையாக இல்லாமல் அனுபவமாக மாறியிருக்கும்.

2010இல் வெளிவந்த திரைப்படமும், 2024இல் நெற்ஃபிளிக்ஸ் வெளியிட்ட எட்டு அங்கத் தொடரும் முதற்பாகத்தையே மனித நடிகர்களைக் கொண்டு மீளப்படைத்தன. இரண்டும் அலைந்து திரியும் கதையோட்டத்தை இறுக்கிச் சுருக்கின. பின்னையது ஜெற்றின் கதையை ஓமாஷு நகரக் கதைக்குள்ளேயே செருகிவிட்டது. கதை வேகமானது, ஊர்கள் காணாமற்போயின. தேவையற்றது எனக் கருதி நீக்கியதே முதற்பாகத்தின் உயிர் என்பதை இவ்விரு முயற்சிகளும் எதிர்மறையாக நிரூபிக்கின்றன.

ஆகவே முதற்பாகத்தைத் தாண்டிச் செல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்போம். பின்னைய பாகங்கள் அழகாகக் கதை சொல்லக் கற்றுக்கொண்டன. அரசர்களின் மனத்துக்குள் நுழைந்தன. முதற்பாகம் தடுமாறித் தடுமாறி ஊர் ஊராக நடந்து, போரை அனுபவிப்பவர்களின் முற்றத்தில் நின்றது. காட்டிக்கொடுத்த அந்தச் சுரங்கத்து முதியவருக்கு எந்தச் சிங்க ஆமையும் வரவில்லை. பிள்ளை அவரைப் பற்றிக் கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்வதற்கு எமக்கு நேரம் இருக்கட்டும்.