பாய் யாருடைய மரபு?

மரபைக் காக்கிறோம் என்னும் நிறுவனங்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது: யாரிடம் கேட்டுப் பதிவு செய்தீர்கள்?

பசிபிக் தீவுகளின் அருங்காட்சியகங்களையும் பண்பாட்டு மையங்களையும் இணைப்பது பசிபிக் தீவுகள் அருங்காட்சியகச் சங்கம். அந்த வட்டாரத்தில் பலரும் எடுத்துக்காட்டுவது வனுவாட்டு பண்பாட்டு மையத்தை. அங்கே வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் மட்டுமே எழுதிச் செல்வதில்லை. கிராமத்தவரே தன்னார்வக் களப்பணியாளர்களாகத் தம் ஊர் வழக்கங்களைப் பதிகிறார்கள், ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1970களில் தொடங்கிய இதில் நெடுங்காலம் ஆண்களே இருந்தனர். 'கஸ்டம்' எனப்படும் மரபும் ஆண்களுடையதாகவே பேசப்பட்டது. பெண் களப்பணியாளர்கள் 1990களில்தான் வந்தனர்.

அம்பே தீவுப் பெண்கள் தாழை ஓலையில் முடைந்து சிவப்புச் சாயமேற்றும் பாய்கள் அதற்கு முன்பும் இருந்தன. திருமணங்களில் கைமாறும் செல்வம் அவை. அவற்றையும் கஸ்டம் என ஏற்க வைத்ததே பெண்கள் பண்பாட்டுத் திட்டத்தின் சாதனை என்பதை லிசன்ட் போல்டனின் 2003ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகிறது.

இதோடு நிறைவடைய முடியாது. 'பெண்கள் பிரிவு' என்று தனியே ஒதுக்கினால், ஊரின் உறவுகளையே தாங்கும் பாய் மறுபடியும் கைவேலையாகச் சுருங்கிவிடும். எதைப் பதிவது, யார் பார்க்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் முடைந்தவளும் உட்கார வேண்டும். அதுவரை பாய்தான் காக்கப்படும், அவள் அல்ல.