அமைவுக் கோப்பு குறிப்பேடாகுமா?

மின்னஞ்சல் சர்வரை நிறுவுவோரிடம், "திட்டத்தையும் அமைவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் அமைவுக் கோப்பிலேயே இருக்கிறதே!" என்பார்கள். எந்தப் பெயரில் இயங்குவது, எவருடைய கடிதங்களை ஏற்பது, எவற்றை மறுப்பது என்று சர்வருக்குக் கட்டளையிடும் கோப்பு அது. அதற்குக் குறிப்பேடாகும் தகுதி உண்டா என்பதைப் புகழ்பெற்ற இரு மென்பொருள்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, பெர்க்கிலியில் எரிக் ஆல்மன் எழுதி, 1983-இல் பி.எஸ்.டி. யூனிக்ஸுடன் வெளிவந்த சென்ட்மெயில். வெவ்வேறு வலைகள் வெவ்வேறு விதமாக முகவரி எழுதிய அக்காலத்தில், ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தந்த அருமையான கருவி. ஆனால் அதன் கோப்போ ஒற்றை எழுத்துக் கட்டளைகளும் டாலர், நட்சத்திரக் குறிகளும் நிறைந்த காடு! ஒரு விதியின் இரு பகுதிகளையும் 'டேப்' கொண்டே பிரிக்க வேண்டும்; சாதாரண இடைவெளி செல்லாது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். பின்னாளில், 'எம்4' என்னும் கருவிக்கு ஏற்பச் சிறு கோப்பு ஒன்றை எழுதி, அதிலிருந்து பெரிய கோப்பை ஆக்கிக்கொள்ளும் வழி வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அவசரத்தில் பெரிய கோப்பையே திருத்துவோர் உண்டு. அடுத்த முறை அது ஆக்கப்படும்போது அந்தத் திருத்தம் சுவடின்றி அழிந்துவிடும்.

இரண்டாவது, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வீட்சே வெனெமா உருவாக்கி 1998-இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ். இதில் ஒவ்வொரு அமைவுக்கும் பொருள் விளங்கும் பெயர் உண்டு. நாம் குறிப்பிட்டு எழுதிய அமைவுகளை மட்டும் பட்டியலிடும் கட்டளையும் உண்டு. படிக்கத்தக்க கோப்பு என்று தயங்காமல் பாராட்டலாம்.

எனினும், எழுதாமல் விட்ட அமைவு யோசித்து விடப்பட்டதா, கவனியாமல் விடப்பட்டதா? கோப்பு வாய் திறவாது. கடித அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லை வகுக்காவிட்டால் 1,02,40,000 பைட் என்று மென்பொருளே வைத்துக்கொள்ளும். படம் முதலிய இணைப்புகளோ வழக்கமாக 'பேஸ்64' முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகின்றன. ஆகவே சுமார் 75 லட்சம் பைட்டுக்கு மேற்பட்ட இணைப்பு திரும்பிவிடும். நிறுவுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. சில அமைவுகள் சர்வரிலேயே இல்லை! கடிதங்கள் எந்தக் கணிப்பொறிக்கு வர வேண்டும் என்பது டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேட்டில் இருக்கிறது. ஐ.பி. எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் எதிர்ப்பதிவு, பெரும்பாலும் அந்த எண்ணை வழங்கிய நிறுவனத்தின் கையில். அது பொருந்தாவிட்டால் பல சர்வர்கள் நம் கடிதங்களை ஏற்பதில்லை. அதை யார், எப்போது, எவரிடம் கேட்டுப் பெற்றார் என்பது சர்வரின் எந்தக் கோப்பிலும் இராது. நிறுவியவர் வேலை மாறிச் சென்றபின் எண்ணும் மாறினால், கடிதங்கள் திரும்பத் தொடங்கிய பிறகே, அப்படியொரு பதிவு உண்டு என்பது புதியவருக்குத் தெரியவரும்.