அக்காவுக்குச் செய்த பிழைக்கு ஆற்றில் பரிகாரமா?

யூதர்களுக்குப் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் எப்படியோ அப்படித்தான் நமக்குப் பரிகாரம் என்று காரமடையில் அண்மையில் ஓர் ஆன்மிகச் சொற்பொழிவில் கேட்டேன். பாவத்தை ஒப்புக்கொள்வது, உடலை வருத்துவது, தெய்வத்திடம் மன்னிப்புப் பெறுவது என எல்லாச் சமயத்துக்கும் வழி ஒன்றுதான் என்றார் பேசியவர். கூட்டம் கை தட்டியது. ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வேன் பேசிப் பவானிக்கும் கொடுமுடிக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்வருவது மேட்டுப்பாளையம் சாலை ஊர்களில் பழக்கமாகிவிட்ட நேரத்தில், இந்த வாதத்தைச் சும்மா விடக்கூடாது.

ஒற்றுமை இல்லாமல் இல்லை. யூதப் புத்தாண்டில் நீர்க்கரைக்குப் போய்ப் பாவங்களை நீரில் விடும் தஷ்லிக் சடங்கை மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் கடலோரத்தில் செய்கிறார்கள். பவானி கூடுதுறையில் முழுகி எழுபவர் உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறார். யோம் கிப்பூருக்கு முன் கோழியைத் தலையைச் சுற்றும் கப்பரோத் வழக்கத்தை நம்மூர் அப்பத்தாக்களுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம். சடங்கால் மனம் லேசாகிறது என்பதும் உண்மை. காரமடை அரங்கநாதர் மாசித் தேருக்கு விரதமிருந்து பந்த சேவை எடுப்பவர் முகத்தில் தெரியும் நிறைவு பொய்யல்ல. குற்றவுணர்வில் கிடப்பவனுக்கு வெறும் வார்த்தை போதாது, உடம்பால் செய்ய ஏதாவது வேண்டும்.

ஆனால் அந்தப் பிழை யாருக்கு இழைத்தது? இந்தக் கேள்வியில் இரண்டு வழிகளும் பிரிந்துவிடுகின்றன.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, யோம் கிப்பூரைப் பற்றிய பகுதியின் முடிவில் ஒரு கோடு கிழிக்கிறது. கடவுளுக்குச் செய்த பிழையை அந்த நாள் தீர்க்கும். மனிதனுக்குச் செய்த பிழையை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை தீர்க்காது. 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும் சரி, நெஞ்சில் அடித்துக்கொண்டு பாவப் பட்டியலைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் சரி. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை நடைமுறைச் சட்டமாகவே எழுதினார். பறித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, நேரில் போய் மன்னிப்பும் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மசியாவிட்டால் அவருடைய நண்பர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இப்படி மூன்று தடவை. அவர் இறந்துவிட்டாரா, பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய் இன்னாருக்கு இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும். பணப்பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். கொங்கு வட்டாரத்தில் கண்ணெதிரே நடப்பதையே சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989 முதல் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சட்டப்படி சம பங்கு உண்டு. ஆனாலும் தோட்டம் பாகம் பிரியும் நாளில் அக்காளும் தங்கச்சியும் பத்திர ஆபீசுக்கு வரவழைக்கப்பட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ‘சீர் செய்தாச்சே’ என்பார்கள். பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம் அந்தக் கையெழுத்தில் இருக்கும். கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய அக்காள் வேண்டும், கிணற்றுப் பங்கில் மட்டும் வேண்டாம். பத்து வருசம் கழித்து மகனுக்குப் பெண் அமையவில்லை என்று ஜோதிடரிடம் போகிறார் தம்பி. பெண் சாபம் இருக்கிறது என்கிறார் ஜோதிடர். கவனியுங்கள், நோயைச் சரியாகவே சொல்லிவிட்டார்! யாருடைய சாபம் என்று கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனால் மருந்து? பவானியில் முழுக்கு, ஒரு ஹோமம், கொடுமுடியில் ஓர் அர்ச்சனை. அக்காள் மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஒருவரும் அவளிடம் போகச் சொல்லவில்லை.

இதுதான் பரிகாரத்தின் மேல் எனக்கு நெடுநாளாக உள்ள ஆட்சேபம். அடிபட்டவரை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாவம் செய்தவன், தெய்வம், நடுவில் தட்சிணை வாங்குபவர் என்று மூவரோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. போகும்போது அக்காளின் பங்கு எவ்வளவு அவனிடம் இருந்ததோ, வரும்போதும் அவ்வளவே இருக்கிறது. நெஞ்சின் உறுத்தல் மட்டும் போய்விடுகிறது. அந்த உறுத்தல் ஒன்றுதான் அவனை என்றைக்காவது அவள் வாசலுக்குத் தள்ளியிருக்கும். ஆகவே பரிகாரம் பயனற்றது என்று சொல்வது போதாது, இங்கே அது கெடுதலே செய்கிறது.

இது வெளியூர்ச் சரக்கை வைத்து நம்மைக் குறை சொல்வதல்ல. மைமோனிடிஸின் அதே நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியதைப் பாருங்கள். தேர்க்காலில் கன்று மாண்டதும் இளவரசன் தேடுவது பரிகாரத்தைத்தான். அமைச்சர்களும் அந்தணர் விதித்த வழி இருக்கிறதே என்கிறார்கள். கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று திருப்பிக் கேட்கிறான் மனுநீதிச் சோழன். இதே கதையை வைத்து வள்ளலார் 1854இல் எழுதிய ‘மனுமுறை கண்ட வாசகம்’ தரும் பாவப் பட்டியலில், கூலி குறைப்பதும் ஏழை வயிறெரியச் செய்வதும் போன்ற, மனிதர் மனிதருக்கு இழைப்பவைதான் நிறைய. சோழனுக்குச் சிலை வைத்தோம், கலெக்டர்கள் நடத்தும் மனு வாங்கும் முகாமுக்கு அவன் பேரை வைத்தோம். அவன் கேட்ட கேள்வியை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை.

யூத வழியிலும் ஓட்டை உண்டு. யோம் கிப்பூர் பட்டியல் ‘நாங்கள்’ என்று கூட்டாகச் சொல்லப்படுவது; தன் பிழையை அந்தக் கூட்டத்தில் ஒளித்துக்கொள்ள எவனுக்கும் முடியும். ஆனாலும் விதி எழுத்தில் இருக்கிறது, தப்பிக்கிறவன் விதியை மீறியே தப்பிக்கிறான். நம்மூரில் தப்பிப்பதற்கே சடங்கு இருக்கிறது.

நேரில் போய் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கமில்லை என்பார்கள். காலில் விழுவது நம் ஊர்களில் இல்லாததா? பண்ணையாள் தோட்டக்காரர் காலில் விழுந்திருக்கிறான், மருமகள் மாமியார் காலில் விழுந்திருக்கிறாள். கூலியைப் பிடித்து வைத்த தோட்டக்காரர் பண்ணையாள் வீட்டு வாசலில் போய் நின்றதாக நான் கேட்டதில்லை. வழக்கம் இருக்கிறது, அது ஒரு பக்கமாகவே ஓடுகிறது.

அக்காள் மன்னிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அது அவள் உரிமை. முதலில் பங்கைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் மதிக்கிற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை போகட்டும். அதன் பிறகு பவானிக்கு வேன் பேசினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.