எல்லையோர மாணவரும் மின்னணு உயிரியற் பாடங்களும்: ஒரு மொழிநிலை நோக்கு

உயர்நிலைப் பள்ளி உயிரியலுக்கான மின்னணுக் கற்றல் கட்டகங்களை மதிப்பிடுவோர் படத்தின் தெளிவையும் இயக்கத்தையும் நோக்குமளவிற்கு அவற்றின் மொழியை நோக்குவதில்லை. இக்குறை அமரவிளை போன்ற எல்லையோர ஊர்களிலேயே நன்கு புலப்படும்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்டது அமரவிளை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி பிரிந்தது, பேச்சு பிரியவில்லை. தமிழகப் பாடநூல்கள் 2018 முதல் கியூஆர் குறியீட்டின் வழிக் காணொளிகளைத் தருகின்றன. கேரளத்தின் கைட் நிறுவனம் 2020 ஜூன் 1-இல் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழி மாணவர்க்கும் பாடங்கள் உருவாயின. கைப்பேசிக்கு மாநில எல்லை ஏது? இருபுறத்துப் பாடங்களும் ஒரே மாணவனை எட்டக்கூடும்.

அம்மாணவன் எதிர்கொள்ளும் சொற்களைக் காண்போம். மலையாள உயிரியலில் ‘நாடி’ என்பது நரம்பு; தமிழில் அது மருத்துவர் கைபிடித்துப் பார்ப்பது. மலையாளத்தார் ‘கல’ என்பது திசு. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் ‘கலம்’ என்பதோ செல். ‘பேசி’ மலையாளத்தில் தசை. மலையாள மூலத்தினின்று தமிழாக்குவோர், ஒலியொப்புமையால் சொல்லை அப்படியே கொள்வாராயின், பிழை பிழையாகத் தோன்றாமலே நிலைத்துவிடும். முற்றிலும் அயலான சொல் எச்சரிக்கும், உறவுச்சொல் எச்சரிப்பதில்லை.

எனினும் பெயர்ச்சொற்களின் இடர்ப்பாட்டை ஒரு சொற்பட்டியலால் தீர்த்துவிடலாம். வினைச்சொற்களே உண்மையான சிக்கல். திறன் வளர்ப்பதாகக் கூறும் கட்டகம் மாணவனை ஏவிக்கொண்டே இருக்கிறது: உற்றுநோக்கு, ஒப்பிடு, உய்த்துணர். கருப்புத்தாள் ஒட்டிய இலையை வெயிலில் வைத்து, பின்னர் அயோடின் கரைசலால் ஆராயும் பழைய சோதனையை எடுத்துக்கொள்வோம். தாளை அகற்றுமுன் விளைவைச் சொல்வது ஊகித்தல். மூடப்படாத பகுதி கருநீலமாவதையும், மூடிய பகுதி அவ்வாறு ஆகாமையையும் கண்டபின், ஒளியின்றி மாவுப்பொருள் உண்டாகவில்லை எனத் துணிவது உய்த்துணர்தல். இவை இருவேறு திறன்கள். இரண்டிற்கும் ‘ஊகி’ என்றே திரையில் எழுதினால், சான்றைப் பாராது விடையை அழுத்தும் மாணவன் ஏவலுக்குக் கீழ்ப்படிந்தவனே ஆவான். ‘அனுமானி’ என்றெழுதுவதும் உதவாது. அளவை நூலில் அச்சொல்லுக்கிருந்த திட்பம் இன்றைய வழக்கில் தேய்ந்து, குத்துமதிப்பு என்ற அளவில் நிற்கிறது. வகுப்பறையிலாயின் ஆசிரியர் ஒரு சொல்லால் திருத்திவிடுவார். முன்பே பதிவான குரலுக்கு அது இயலாது.

கலைச்சொல்லாக்க முயற்சிகள் 1916-இல் சேலத்தில் தோன்றிய கழகம் முதலாகப் பொருட்பெயர்களிலேயே பெரிதும் கருத்தூன்றின. அன்றைய தேவை அது. இன்று கட்டகம் மொழிபெயர்ப்போர் முதலில் வேண்டுவது ஏவல் வினைகளின் வரையறுத்த பட்டியல். ஒவ்வொன்றற்கும் ஒரு சோதனை எடுத்துக்காட்டாக அமைதல் வேண்டும். அதனை மலையாளம் அறிந்த தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒருங்கிருந்து ஆக்குதல் நன்று. அத்தகையோரை நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.