வேலை போனால் இ.எஸ்.ஐ. காசு தருமா?

போன வருஷம் என் சித்தப்பா பையனுக்கு வேலை போச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், ஏழு வருஷமாக மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். "ஆர்டர் இல்லப்பா, ஒரு ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுத்துட்டு செட்டில்மென்ட் வாங்கிக்கோ" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டான். அப்புறம்தான் என்னிடம் கேட்டான்: "அண்ணே, மாசாமாசம் இ.எஸ்.ஐ. பிடிச்சாங்களே, வேலை போனா அதுல காசு வருமாமே, நிஜமா?"

நிஜம்தான், ஆனால் பாதி நிஜம். தேடிப் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

அவன் சம்பளம் 18,000. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். அதற்கு முன் 1.75, 4.75. வேலையிழப்புக்கு என்று சம்பளச் சீட்டில் தனி வரி கிடையாது. வைத்தியம், பிரசவம், விபத்து எல்லாம் இந்த 720 ரூபாய்க்குள்தான். வேலையிழப்பு உதவியும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் பிடித்தம் கொடுப்பவருக்கே அது தெரிவதில்லை.

உதவி இரண்டு வகை. 2005 ஏப்ரலில் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றுக்கு. 2018 ஜூலையில் சோதனைத் திட்டமாக வந்தது அடல் பெயரில் உள்ளது. அதில் முதலில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம்தான். 2020 கொரோனா சமயத்தில் 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. தம்பி கணக்குக்கு, இரண்டு வருஷச் சம்பளத்தை 730 நாளால் வகுத்து, பாதியாக்கி, 90 ஆல் பெருக்கினால் சுமார் 26,600 ரூபாய். வாடகை கொடுக்கிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை.

சிக்கல் எங்கே என்றால், தானாக வேலையை விட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது கிடையாது. விதி தப்பில்லை. வேண்டுமென்றே வேலையை விடுகிறவருக்கு எதற்குக் காசு? ஆனால் முறைப்படி ஆட்குறைப்பு செய்தால் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். லெட்டர் வாங்கிவிட்டால் இரண்டும் மிச்சம். ஆக, தம்பி போட்ட ஒரு கையெழுத்தில் ஆட்குறைப்பு நஷ்டஈடும் போச்சு, இ.எஸ்.ஐ. உதவியும் போச்சு. விதி காகிதத்தைப் பார்க்கிறது. காகிதத்தை எழுத வைத்தது யார் என்று பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே வேலையிழப்புக் காப்பீட்டுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி மட்டும்தான் கட்டுகிறார். யார் அதிகம் பேரை நீக்குகிறாரோ அவருக்கு விகிதம் ஏறும். அதனாலேயே அங்கு முதலாளிகள் தொழிலாளியின் மனுவை எதிர்த்து நிற்பதும் உண்டு, குறையில்லாத ஏற்பாடு இல்லை. ஆனால் ஆளை அனுப்புவதற்கு ஒரு விலையாவது இருக்கிறது. இங்கே பத்து பேரை அனுப்பியவருக்கும் அதே 3.25, ஒருவரைக்கூட அனுப்பாதவருக்கும் அதே 3.25.

என் கருத்து இதுதான்: சம்பளச் சீட்டில் இந்த உரிமையை ஒரு வரியில் அச்சிட வேண்டும். ராஜினாமா வாங்கப்பட்டதா, தரப்பட்டதா என்று கிளை அலுவலகம் தொழிலாளியிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

தம்பிக்கு இப்போது பூந்தமல்லி பக்கம், திருமழிசையில் வேலை. சம்பளம் 23,000. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்பதால் பிடித்தம் இல்லை. "கையில 23 முழுசா வருதுண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னான். இந்த வேலையும் போனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.