குற்றவியல் படித்தால் என்ன வேலை?

மங்கலம்பேட்டை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு தகப்பனார் என்னிடம் ஒரு கல்லூரியின் துண்டறிக்கையை நீட்டினார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், எஸ்.ஐ. ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. துண்டறிக்கையில் பி.ஏ. குற்றவியல் என்று கொட்டை எழுத்து; கீழே பூதக்கண்ணாடி, ரப்பர் கையுறை. "இதப் படிச்சா போலீஸ் வேல நிச்சயம்னு சொல்றாங்க சார். சேத்துடலாமா?"

முதல் பிழை அந்தப் படத்திலேயே இருக்கிறது. கையுறையும் பூதக்கண்ணாடியும் தடயவியலின் கருவிகள். குற்றவியல் ஒரு சமூக அறிவியல். குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை ஆளை மாற்றுகிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்கும் படிப்பு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். இதனால் ஆள் தேவை கூடும், உண்மைதான். ஆனால் அந்த வேலைக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்தவர்களைத்தான் தேடுவார்கள். பி.ஏ. குற்றவியல் அங்கே செல்லாது.

எஸ்.ஐ. தேர்வுக்கு வருவோம். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் கேட்பது ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம். பொதுப் போட்டியாளருக்கு எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 15, நேர்முகம் 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்கு 5. எழுத்துத் தேர்வில் வருவது பொது அறிவும், தர்க்கமும், கணக்கும், உளவியலும். சட்டக் கேள்விகள் ஏற்கெனவே காவல் துறையில் இருப்பவர்களுக்கான தாளில்தான். மூன்று வருடம் குற்றவியல் படித்த பெண்ணும் மூன்று வருடம் வரலாறு படித்த பெண்ணும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். சொல்லப்போனால் பொது அறிவுத் தாளில் வரலாறு படித்தவள் ஓரடி முன்னே நிற்பாள்.

செலவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கட்டணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுக்கு 50,000 கட்டணம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 6,000, வருடத்தில் பத்து மாதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், மூன்று வருடத்தில் 3,30,000 ரூபாய் ஆகிறது. அரை மணிப் பேருந்துப் பயணத்தில் விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு பட்டம் வாங்க இதில் சிறு பங்குகூட ஆகாது. அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

எனக்கு இதைவிடப் பெரிய செலவாகப் படுவது வேறொன்று. எஸ்.ஐ. தேர்வில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியாக இருக்கவேண்டும். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை ஆங்கில வழி பி.ஏ. குற்றவியலில் சேர்ந்தால், சேரும் நாளிலேயே அந்த உரிமையை இழக்கிறாள். எந்தத் துண்டறிக்கையும் இதைச் சொல்வதில்லை. அந்தத் தகப்பனாருக்கும் தெரியவில்லை, கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

இந்தப் பகுதிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும் ஓர் ஒப்பீடு உண்டு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் பையனுக்குப் பக்கத்திலேயே சூளைகள் இருக்கின்றன, ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் வெந்து வெளிவரும் பட்டறைகள் இருக்கின்றன. படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பாதை தெரிகிறது, சம்பளம் எவ்வளவு என்பது வேறு கதை. இளங்கலைக் குற்றவியலுக்கு அப்படி ஒரு சூளை இல்லை.

ஆனால் அந்த அறிவுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சட்டத்துக்கு முரணாக நடந்ததாக ஒரு சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தினால், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தரவேண்டும். அவன் வீடு எப்படி, பள்ளியை எப்போது விட்டான், கூட்டாளிகள் யார், யார் அடித்தார்கள். அந்தக் குழந்தையின் அடுத்த சில வருடங்கள் அந்தச் சில பக்கங்களில் இருக்கின்றன. குற்றவியல் படித்த கண் அங்கே மிகமிகத் தேவை. ஆனாலும் இத்தகைய பணிகளுக்கான அறிவிப்புகளில் சமூகப்பணி, உளவியல், சட்டம் என்ற பெயர்களே அடிக்கடி வருகின்றன; குற்றவியலின் பெயர் சிலவற்றில்தான் இருக்கும். இந்தத் துறைக்கு நம் அரசு செய்யும் அநியாயம் இது. அதற்கான விலையைப் பதினேழு வயதுப் பெண் கொடுக்கக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: காக்கிச் சட்டைக்காக இளங்கலைக் குற்றவியல் வேண்டாம். அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் ஒரு பட்டம், கூடவே என்.சி.சி., ஓட்டப் பயிற்சி. நீதிமன்றப் பக்கம் மனம் போனால் விழுப்புரத்தில் 2017-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சட்டப் பட்டம் வழக்கறிஞர், அரசு உதவி வழக்கறிஞர், நீதிபதி என மூன்று கதவுகளைத் திறக்கும். குற்றவியலில் உண்மையான பற்று இருந்தால் முதுகலையில் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் துறைகள் உண்டு. நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடம், ஆகவே ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் வழி இருக்கிறது. எம்.ஏ.வை ஆங்கிலத்தில் படித்தாலும், எஸ்.ஐ. தேர்வுக்கான தமிழ் வழி ஒதுக்கீடு பறிபோகாது, ஏனென்றால் அங்கே பார்ப்பது பள்ளி முதல் இளங்கலை வரைதான்.

அந்தப் பெண் அப்பாவுக்குப் பின்னால் நின்றே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்.சி.சி. அந்தக் காலேஜ்ல பொண்ணுங்களுக்கும் இருக்கா சார்?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.