பயிற்சி என்னும் சொல்: பழங்குடி மக்களின் முதியோர் கல்வி பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

முதியோர் கல்வி, தொழிற்பயிற்சி என்னும் இரு தொடர்களும் பழங்குடி மக்களைக் குறித்த ஆணைகளிலும் அறிக்கைகளிலும் பெருக வழங்குகின்றன. இவற்றைப் பொருளியலாரும் கல்வியியலாரும் தத்தம் நோக்கில் ஆராய்ந்துள்ளனர். ஆயினும், ஒரு துறையின் உட்கருத்து அத்துறை கையாளும் சொற்களில் உறைந்து கிடக்குமாதலின், அச்சொற்களை ஆராய்தல் மொழித்துறையினரின் கடனாகும். அக்கடனை ஒருவாறு ஆற்ற முனைவதே இக்கட்டுரை.

பொருளின் இன்றியமையாமையை நாட்டு எண்களே காட்டும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர்; பட்டியற் பழங்குடியினருள் நூற்றுக்கு 54 பேரே. இவ்விடைவெளியை நிரப்ப வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வாறு நிரப்புவது என்பதிலேயே ஆராய்ச்சிக்கு இடம் உண்டு.

சொற்பொருள்

‘பயில்’ என்னும் வினை பழைய இலக்கியங்களில் நெருங்குதல், பலகால் நிகழ்தல், பழகுதல், கற்றல் முதலிய பொருள்களில் வழங்கிற்று. இவற்றுள் ஓர் உறவு உண்டு. ஒன்றோடு நெருங்கிப் பலகால் பழகுவதே அதனைக் கற்பது என்னும் எண்ணம் இச்சொல்லின் அடியில் உள்ளது. முயல் என்பதினின்று முயற்சி பிறந்தாற்போலப் பயில் என்பதினின்று பயிற்சி பிறந்தது. இரண்டும் தன்வினையின் வழிவந்த தொழிற்பெயர்களே. முயற்சிக்கு உரியவன் முயல்வோன். பயிற்சிக்கு உரியவன் பயில்வோன்.

ஒருவர் தம் முயற்சியை மற்றொருவர்க்கு அளித்தல் கூடுமோ? கூடாது என்பது வெளிப்படை. ஆயினும் ‘பயிற்சி அளித்தல்’ என்று இன்று தயக்கமின்றி எழுதுகிறோம். பிறரைப் பயிலச் செய்தலைக் குறிக்கப் ‘பயிற்றுதல்’ என்னும் பிறவினை இருக்கவும், தன்வினைப் பெயரையே கொடைப் பொருளாக்கிவிட்டோம். இதனால் பயில்வோன் வினைமுதலாம் நிலையினின்று இறங்கி, ஏற்போன் ஆகிவிடுகிறான்.

வழக்கில் ஊன்றிய தொடரை விலக்குதல் எம் நோக்கமன்று. அத்தொடர்க்குள் ஒளிந்திருக்கும் கருதுகோளைச் சுட்டுவதே நோக்கம். கொடுப்பவன் உடையவன், பெறுபவன் இல்லாதவன் என்பதே அக்கருதுகோள். கல்விச் சாலைக்கு வரும் இளஞ்சிறாரிடத்திலேயே இது முழுதும் பொருந்தாது. முப்பது ஆண்டு காட்டோடு பழகிய ஒருவரிடத்தில் இது சிறிதும் பொருந்தாது.

இரு உடன்படிக்கைகள்

இக்கருதுகோள் தமிழ்வழக்கில் மட்டும் தோன்றியதன்று. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு இம்மக்களைக் குறித்து இயற்றிய இரண்டு உடன்படிக்கைகளை ஒப்பிட்டால் இது விளங்கும். முதலாவது 1957ஆம் ஆண்டில் இயன்ற 107ஆம் உடன்படிக்கை. இதனை இந்தியா 1958ஆம் ஆண்டில் ஏற்றது. இரண்டாவது 1989ஆம் ஆண்டில் இயன்ற 169ஆம் உடன்படிக்கை. இதனை இந்தியா ஏற்கவில்லை.

தொழிற்பயிற்சி பற்றி முதல் உடன்படிக்கை கூறுவன மூன்று. ஏனைய குடிமக்கட்குள்ள வாய்ப்பு இவர்கட்கும் வேண்டும் என்பது ஒன்று. பொது ஏற்பாடு போதாதவிடத்துத் தனி ஏற்பாடு வேண்டும். அது இவர்தம் பொருளியற் சூழல், பண்பாட்டு வளர்ச்சிப் படிநிலை, நடைமுறைத் தேவை ஆகியவற்றை ஆராய்ந்து அமைதல் வேண்டும் என்பது மற்றொன்று. அப்படிநிலை வேண்டும் வரையில் மட்டுமே தனி ஏற்பாடு நிலவும். பெருஞ்சமுதாயத்தோடு இணைய இணைய அது நீங்கும் என்பது மூன்றாவது. முதற்கூற்று நன்று. ஆனால் ‘படிநிலை’ என்றவுடனே ஓர் ஏணி கற்பிக்கப்படுகிறது. அதன் உச்சியில் நிற்போர் யார் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

பிந்திய உடன்படிக்கை ‘படிநிலை’யை விலக்கி, அவ்விடத்தில் சமுதாய, பண்பாட்டு நிலைமைகளை வைத்தது. ஆராய்ச்சி அம்மக்களோடு கூடி நிகழ வேண்டும் என்றும், இயலுமிடத்து அவர்கள் விரும்பின் பயிற்சியை அமைத்து நடத்தும் பொறுப்பையும் படிப்படியாக அவர்களே ஏற்கலாம் என்றும் கூறிற்று. மேலும், வேட்டையாடல், மீன்பிடித்தல், பொறிவைத்துப் பிடித்தல், காட்டுப்பொருள் திரட்டல் ஆகியவற்றைப் பண்பாட்டையும் பொருளியல் தற்சார்பையும் காக்கும் தொழில்களாக எண்ணிற்று. முதலாவதில் பெறுவோராய் இருந்தவர் இரண்டாவதில் செய்வோர் ஆகும் வழி திறந்தது.

இருளர் தரும் சான்று

ஏட்டில் நிகழ்ந்த இம்மாற்றம் நாட்டில் இயலுமா என்பார்க்கு இருளர் கூட்டுறவுச் சங்கம் தக்க சான்றாகும். செங்கற்பட்டுப் பகுதி இருளருட் பலர் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1976ஆம் ஆண்டின் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வாழ்வை முடித்தன. சட்டம் வேண்டியதே, ஆயினும் அதனால் பிழைப்பிழந்தார்க்கு மாற்று யாது என்னும் வினா எழுந்தது.

1978ஆம் ஆண்டில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலசு விட்டேக்கரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இன்றும் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, மட்பானைகளில் சில வாரம் வைத்து, முறையாக நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். உலர்த்தித் தூளாக்கப்பட்ட அந்நஞ்சு நச்சுமுறி மருந்து செய்வோர்க்குச் செல்கிறது.

இங்கு யார் யாரைப் பயிற்றினர் என்று வினவுதல் வேண்டும். மண்ணிற் பதிந்த தடம், வளைவாயின் நிலை, உரிந்த சட்டை ஆகியவற்றைக் கொண்டு இன்ன பாம்பு இங்குளது என உணரும் அறிவை எந்நிலையமும் இருளர்க்குக் கற்பிக்கவில்லை. நஞ்செடுக்கும் முறை, தூய்மை பேணல், குறிப்பேடு எழுதுதல் ஆகியவையே அவர்கட்குப் புதியன. முன்னது பெரிது, பின்னது சிறிது. பெரியதன்மேல் சிறியது வைக்கப்பட்டமையாலேயே பணி நிலைத்தது. பின்னதை மட்டும் கொண்டு ஒரு பாடத்திட்டம் வகுத்திருப்பின், அதிற் சேர்வார் எவரும் இரார்.

2017ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அழைக்கப்பட்டனர். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். ஆங்கு அவர்கள் சென்றது வல்லுநராக. 2023ஆம் ஆண்டில் இருவர்க்கும் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது.

இரு தடைகள்

ஈண்டு இரு தடைகள் எழும். குலத்தொழிலைப் போற்றுதல் குலத்தொழிலிற் பூட்டுதலாகாதோ என்பது முதலாவது. இத்தடை வலியுடையது. சங்கத்தின் உறுப்பினர் சில நூற்றுவரே. 2011ஆம் ஆண்டின் கணக்கின்படி தமிழ்நாட்டு இருளரோ 1,89,000க்கு மேற்பட்டவர். அன்றியும், பிடிக்கத்தக்க பாம்புகளின் எண்ணிக்கையை வனத்துறை உரிமம் வரையறுக்கிறது. உரிமம் தாழ்ந்தால் தொழிலும் நிற்கும். எனவே, பாம்பு பிடித்தலையே இருளர் கல்வியின் எல்லையாக்குவது ஓர் ஏணிக்கு மாற்றாக ஒரு வேலியை இடுவதாகும்.

தொல்காப்பியர் ‘செய்தி’ எனப்படும் தொழிலைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணினார். நிலத்தினின்றே தொழில் பிறக்கும் என்னும் உண்மை அதனாற் பெறப்படும். ஆயினும் திணைகள் தம்முள் மயங்குதலை அவர் விலக்கவில்லை. ஒரு நிலத்துக் கருப்பொருள் பிறிதொரு நிலத்தில் வருதலும் செய்யுளுக்கு உடன்பாடே. அஃது இலக்கிய மரபாயினும் ஈண்டு ஒப்புமையாகக் கொள்ளத்தகும். பிறந்த நிலத்தின் அறிவு தொடங்கும் இடமேயன்றி முடியும் இடமன்று. இருளர் மகள் பாம்பறிவோடு செவிலியாகலாம், ஆசிரியையாகலாம், சங்கத்தின் கணக்கரும் ஆகலாம். எதனைத் தேர்வது என்பது அவளுக்கே உரியது.

அறிவுடையார்க்கு எழுத்தறிவு எற்றுக்கு என்பது இரண்டாவது தடை. இத்தடை நில்லாது. இருளருட் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணத்தாற் பிணிக்கப்பட்டுக் கொத்தடிமைகளாய் உழன்றனர். 1976ஆம் ஆண்டின் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்த பின்னரும், பல ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்டோர் உளர். வாங்கிய தொகை எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பதை முதலாளியின் ஏட்டைப் பார்த்துத் தாமே அறிய இயலாமை அப்பிணிப்புக்கு ஒரு துணையாயிற்று. அன்றியும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோருவார்க்கு மனு வேண்டும், சான்று வேண்டும். ஆகவே, இவர்கட்குரிய முதற்பாடத்தில் முன்பணக் கணக்கும் உரிமை மனுவும் இடம்பெறுதல் தகும். 1978ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம் எழுத்தறிவோடு தொழில்திறனையும் விழிப்புணர்வையும் தன் குறிக்கோள்களாகக் கொண்டது. அம்மூன்றும் ஒரே பாடத்திற் கூடுமிடம் இதுவே.

மொழி

இனி, எம்மொழியிற் கற்பிப்பது என்பது ஒன்று. நீலகிரி, கோவை மலைச்சாரல்களில் வாழும் இருளர் பேசுவது தமிழோடு நெருங்கிய, ஆயினும் தனித்த தென்திராவிட மொழி. கமில் சுவலபில் அதனை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டு முதல் நூல்கள் வெளியிட்டார். தமிழகப் பல்கலைக்கழக அறிஞரும் அதன் ஒலியமைப்பையும் சொற்களையும் தொகுத்துள்ளனர். இவ்வாய்வுகள் மொழிநூலார்க்குப் பயன்பட்ட அளவு அம்மொழி பேசுவார்க்குப் பயன்பட்டன என்று சொல்லற்கில்லை. ‘தமிழ்தானே’ என்று கருதி எழுதப்படும் பாடநூல், கற்பாரின் சொல்லைப் பிழையென்று திருத்தும். தம் பேச்சே பிழையென்று முதல் நாளிற் கேட்டவர் மறுநாள் வாரார். செங்கற்பட்டு இருளர் தமிழையே பேசினும், அவர்தம் தொழிற்சொற்களைப் பாடநூல் கண்டதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், பயிற்சி என்பது பயில்வோர்க்கே உரிய வினை என்பதும், அதனைக் கொடைப்பொருளாக்கும் வழக்கு பழங்குடியினரை அறிவிலார் எனக் கொள்ளும் கருதுகோளை உட்கொண்டது என்பதும், அவர்கள்பால் உள்ள அறிவின்மேல் எழுப்பிய கல்வியே நிலைபெறும் என்பதும், அவ்வறிவே அவர்க்கு எல்லையாகிவிடலாகாது என்பதும் புலனாகும்.

இதில் தமிழ்த்துறையினர் ஆற்றத்தக்கது ஒன்று உண்டு. பழங்குடியினரின் தொழிற்சொற்களைத் தொகுக்கும் பட்ட மேலாய்வாளர், அச்சொற்களைக் கொண்டே அம்மக்களோடு அமர்ந்து ஒரு சிறு பாடநூல் இயற்றித் தருதல் வேண்டும். அந்நூலில் ஒரு சொல் சரியா, பிழையா என்று தீர்ப்புக் கூறும் உரிமை சொல்லுக்குரியவரிடமே இருத்தல் வேண்டும். தொகுப்பு பட்டத்தோடு நின்றுவிடின், கொடுத்தவர் அவர்களாகவும் பெற்றவர் நாமாகவும் இருந்தும், கணக்கை மாற்றி எழுதினவர் ஆவோம்.